என்ன நிமோனியான்னு கேட்டுப் போடுங்க ஐயா

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மும்பை தாராவியில இருந்து எழுதுறேன். வீட்டுலயே தையல் மிஷின் போட்டு பிளவுஸு, ஸ்கூல் யூனிஃபார்ம்லாம் தைக்கிறேன். உங்க பேப்பரை எங்க கல்லியில, அதான் சந்துல, ஒரு வீட்டுல வாங்கி ஆறேழு வீட்டுல படிக்கிறோம், என் கைக்கு வரும்போது மத்தியானம் ஆயிரும், நாலா மடிஞ்சு எண்ணெய் பட்டுத்தான் வரும், ஆனாலும் ஒரு வரி விடாம படிச்சிருவேன்.

போன வாரம் உள்பக்கத்துல நாலு வரியில ஒரு செய்தி போட்டிருந்தீங்க. எங்க ஊர்ப் பக்கத்து காலேஜ் பையன் ஒருத்தன் நிமோனியா காய்ச்சல்ல இறந்துட்டான்னு. அவ்வளவுதான் இருந்துச்சு. என்ன நிமோனியா, எத்தனை நாளா இருமுனான், எப்போ ஆஸ்பத்திரிக்குப் போனான், எதுவும் இல்ல. அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள எங்க கல்லியில மூணு வீட்டுல மெடிக்கலுக்குப் போயி ஆன்டிபயாட்டிக் மாத்திரை அஞ்சு நாளைக்கு வாங்கிட்டு வந்து டப்பாவுல போட்டு வச்சுட்டாங்க. மூணு வீட்டுலயும் யாருக்கும் காய்ச்சல் கிடையாது, வந்துச்சுன்னா உடனே போட்டுக்கலாமேன்னு தான். ஒரு வீட்டுக்காரி என் மிஷின் பக்கத்துல வந்து உக்காந்து, உங்க அத்தைக்கு கொடுத்த சீட்டு இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்கக்கான்னு கேட்டா. அத்தைன்னு அவ சொன்னது என் மாமியாரை. அவங்க போயி ஒரு வருஷம் ஆகப்போகுது. அவங்களுக்கு வந்தது வேற நிமோனியா, அந்தப் பையனுக்கு வந்தது எதுன்னே யாருக்கும் தெரியாது, அப்புறம் அந்த சீட்டை வச்சு என்ன பண்றது. இதை அவளுக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் இந்தக் கடுதாசியை எழுதியே ஆகணும்னு உக்காந்தேன்.

நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல. ரெண்டு வருஷத்துல எங்க குடும்பத்துலயும் கல்லியிலயும் அஞ்சு பேருக்கு நிமோனியான்னு சொன்னாங்க, அஞ்சும் அஞ்சு விதமா இருந்துச்சு. நிமோனியாங்குறது ஒத்தை வியாதியோட பேரே இல்லைங்க ஐயா. வயித்துவலின்னு சொன்னா அது வாயுவா இருக்கலாம், குடல்வாலா இருக்கலாம், கல்லா இருக்கலாம், எல்லாத்துக்கும் ஒரே மாத்திரையா கொடுக்குறோம்? அதே மாதிரிதான் இதுவும். நம்ம நுரையீரலுக்குள்ள கோடிக்கணக்குல குட்டிக் குட்டி காத்துப்பை இருக்கு, அந்தப் பையில காத்துக்குப் பதிலா சீழும் தண்ணியும் நெறைஞ்சு போச்சுன்னா அதுக்குப் பேரு நிமோனியா. எது போயி நெறைச்சுச்சுங்குறதுதான் கேள்வியே. பாக்டீரியாவா, வைரஸா, காளானா, இல்ல நம்ம ஊட்டுன சோத்துப் பருக்கையான்னு.

இதுல எங்கள மாதிரி வெளியூர்ல பொழைக்கிறவங்களுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கு. வார்டுல டாக்டர் மராத்தியில கொஞ்சம் இந்தியில கொஞ்சம் இங்கிலீஷ்ல கொஞ்சம்னு நல்லா விளக்கமாத்தான் சொல்லுவாங்க. கூட நிக்கிற மகனுக்கு பாதி புரியும், அவன் வீட்டுல அம்மாகிட்ட சொல்லும்போது கால்வாசி ஆயிரும், அம்மா பக்கத்து வீட்டுல சொல்லும்போது நிமோனியாங்குற ஒத்த வார்த்தை மட்டும் தான் மிச்சம் இருக்கும். எங்களுக்கு விடிவு வந்தது எப்படின்னா, அத்தை இருந்த வார்டுல திருநெல்வேலிப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு மேல்படிப்புக்காக வந்து டாக்டரா இருந்துச்சு. என் வயசுல பாதி கூட இருக்காது. ராத்திரி டியூட்டியில வேலை கொஞ்சம் ஓஞ்சதும் எக்ஸ்ரேவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சு, அம்மா இங்க பாருங்க, இந்தக் கறுப்பு எல்லாம் காத்து, இந்த வெள்ளையா மேகம் மாதிரி இருக்கே இதான் அடைச்சிருக்குன்னு தமிழ்ல சொல்லுச்சு. அந்தப் பொண்ணு சொன்னதைத்தான் மளிகைக் கணக்கு எழுதுற நோட்டுல பின்பக்கம் எழுதி வச்சிருக்கேன், கீழ நான் சொல்றதுல பாதி அதுல இருந்துதான்.

அத்தைக்கு முதல்ல பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துருச்சு. ஒரு மாசத்துல வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். படுக்கையிலயே தலைக்கு ஒத்த தலைகாணி வச்சு நான்தான் கஞ்சி ஊட்டுவேன். முழுங்கக் கஷ்டப்படுறாங்களேன்னு நாளுக்கு நாள் கஞ்சியைத் தண்ணியாக்கிட்டே வந்தேன். ரெண்டு ஸ்பூன் போனதும் புரை ஏறும். லேசா ஒரு இருமல், அவ்வளவுதான், பெருசா இருமக்கூட தெம்பு இல்ல. நாங்க என்ன பண்ணுனோம்? உச்சந்தலையில தட்டி, "யாரோ நினைக்காங்க அத்தை, உங்க மக தான் ஊர்ல இருந்து நினைக்கா"ன்னு சொல்லுவோம், அவங்களும் கோணலா சிரிப்பாங்க. ஒவ்வொரு வேளையும் அந்தக் கஞ்சி நுரையீரலுக்குள்ள இறங்கிட்டு இருந்திருக்கு. எங்க வீட்டுல யாருக்கும் தெரியல.

சாப்பிட்டதும் அவங்க குரல் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி கொளகொளன்னு மாறும். அது ஒரு அடையாளம்னு அப்புறம்தான் டாக்டரம்மா சொல்லுச்சு. ஒரு நாள் காலையில என்னைப் பாத்து செத்துப்போன அவங்க தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. சாப்பாடு வேண்டாம்னுட்டாங்க. உடம்பு சுடவே இல்ல. தெர்மாமீட்டர் வச்சா 98 தான் காட்டுது, அதனால நாங்க மூளையில மறுபடி ஏதோ அடைப்பு போலன்னு நினைச்சுத்தான் தூக்கிட்டு ஓடுனோம். பாத்தா நிமோனியா. வயசானவங்களுக்கு காய்ச்சலே இல்லாம வருமாம், இருமலும் பெருசா இருக்காதாம், திடீர்னு புத்தி தடுமாறுறது, சாப்பாட்டை ஒதுக்குறது, மூச்சு வேகமாகுறது, இதான் தெரியுமாம். வலது நுரையீரல்ல கீழ்ப் பக்கம் வெள்ளையா இருந்துச்சு. வலது பக்கம் போற குழாய் கொஞ்சம் அகலமா நேரா இறங்குறதால புரை ஏறுறது அந்தப் பக்கம்தான் அதிகமா போகும்னு சொல்லுச்சு டாக்டரம்மா. இங்கிலீஷ்ல ஆஸ்பிரேஷன் நிமோனியான்னு எழுதியிருந்தாங்க சீட்டுல. புரை ஏறுறதுன்னு நம்ம பாட்டி காலத்து வார்த்தை தமிழ்ல இருக்கு, அந்த வார்த்தையைச் சொல்லி முதல் மாசமே யாராவது எச்சரிச்சிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்.

பத்து நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாங்க. அதுக்கப்புறம் நேரா நிமிர்த்தி உக்கார வச்சு, தாடையைக் கொஞ்சம் கீழ குனிய வச்சு, சின்ன ஸ்பூன்ல, முதல் வாய் முழுங்கினது தெரிஞ்சப்புறம் அடுத்த வாய். தண்ணிக் கஞ்சியை நிறுத்திட்டு கூழு பதத்துக்கு குழைச்சுக் கொடுத்தோம், ஏன்னா முழுங்குற சதை தளர்ந்தவங்களுக்கு தண்ணியா இருக்குறதுதான் சட்டுன்னு வழி மாறிப் போயிருமாம், கெட்டியா இருந்தா மெதுவா இறங்கும். எல்லாருக்கும் ஒரே பதம் சரிப்படாது, முழுங்குறதைப் பரிசோதிச்சுப் பாத்துத்தான் சொல்லுவாங்க, அதைக் கேட்டுக்கணும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடல. ராத்திரி வாயைத் துடைச்சு பல்லு ஈறு எல்லாம் சுத்தம் பண்ணிட்டுத்தான் தூங்க வைப்போம், வாயில இருக்குற கிருமி எச்சில் வழியா தூக்கத்துல உள்ள போறதும் இதே வியாதிக்கு ஒரு காரணம். எட்டு மாசம் நல்லா இருந்தாங்க. ரெண்டாவது தடவை வந்தப்போ முடியல. 76 வயசு.

பக்கவாதம் வந்தவங்க இல்லாத தெரு இன்னைக்கு உண்டா? அவங்களுக்குப் படுக்க வச்சே கஞ்சி ஊட்டுற மருமக, மக எத்தனை பேரு இருப்பாங்க. இந்த ஒரு பாராவை மட்டுமாவது போடுங்க ஐயா.

அடுத்தது என் தங்கச்சி மகன். பதினாறு வயசு, பதினொண்ணாவது படிக்கிறான். வறட்டு இருமல், லேசா காய்ச்சல், தலைவலி, ஆனா ஆளு நடமாடிக்கிட்டேதான் இருந்தான், ட்யூஷனுக்குப் போறான் வாரான். பக்கத்து தவாகானாவுல, அதான் சின்ன கிளினிக்ல, அமாக்ஸிஸிலின் வகை மருந்து அஞ்சு நாள் கொடுத்தாங்க, ஒண்ணும் அசையல. அப்புறம் எக்ஸ்ரே எடுத்தா ரெண்டு பக்கமும் லேசா படர்ந்திருக்கு. "டபுள் நிமோனியா"ன்னு யாரோ சொல்லவும் தங்கச்சி அழுது தீத்துட்டா. டபுள்னா ரெண்டு மடங்கு விஷம்னு எல்லாரும் நினைக்கிறோம், அது ரெண்டு நுரையீரல்லயும் இருக்குங்குறதுதான், அதோட வேகத்தை மூச்சையும் ஆக்சிஜனையும் ஆளையும் பாத்துத்தான் சொல்ல முடியும். இவனுக்கு வந்தது மைக்கோபிளாஸ்மான்னு ஒரு கிருமி. ஸ்கூல், காலேஜ், ஹாஸ்டல்னு பசங்க நெருக்கமா இருக்குற இடத்துல பரவும், படுக்கையில போடாம நடமாட விடுறதால நடமாடும் நிமோனியான்னே சொல்றாங்க. இந்தக் கிருமிக்கு உடம்பைச் சுத்தி சுவரே கிடையாதாம். பென்சிலின், அமாக்ஸிஸிலின் எல்லாம் கிருமியோட சுவரை உடைச்சுக் கொல்ற மருந்து. சுவரே இல்லாத வீட்டுக்கு கடப்பாரை எடுத்துட்டுப் போயி என்ன பிரயோஜனம்? அசித்ரோமைசினுக்கு மாத்துனாங்க, மூணாம் நாளு காய்ச்சல் நின்னுச்சு, இருமல் மட்டும் மூணு வாரம் இழுத்துச்சு.

இதுக்கு நேர் எதிரா வர்றதுதான் நம்ம பெரியவங்களுக்குத் தெரிஞ்ச பழைய நிமோனியா, நியுமோகாக்கஸ்ங்குற பாக்டீரியாவால வர்றது. திடீர்னு குளிர் எடுத்து உடம்பு தூக்கிப்போடும், காய்ச்சல் எகிறும், மூச்சு இழுத்தா விலாவுல கத்தி குத்துற மாதிரி வலிக்கும், சளி துரு நிறத்துல வரும். நுரையீரல் வலது பக்கம் மூணு பாகம், இடது பக்கம் ரெண்டு பாகம், அதுல ஒரு பாகம் முழுசா கெட்டியாயிரும். இதுக்கு பென்சிலின் வகை மருந்து நல்லா கேக்கும், சீக்கிரம் ஆரம்பிக்கணும் அவ்வளவுதான். இதுக்குக் கேக்குற மருந்து தங்கச்சி மகனுக்கு வந்ததுக்குக் கேக்காது, அவனுக்குக் கேட்டது இதுக்கு வேண்டியதில்ல. சுகர் முத்திப்போனவங்களுக்கும் குடிக்கிறவங்களுக்கும் க்ளெப்சியெல்லான்னு வேற ஒரு முரட்டுக் கிருமி வர வாய்ப்பு அதிகமாம், அது தனி வைத்தியம்.

இப்போ எனக்கு ரொம்ப ஆத்தாமையா இருக்குற விஷயத்துக்கு வாறேன். எங்க கல்லியில தோல் பை தைக்கிற அண்ணாச்சி ஒருத்தர், மூணு வாரமா இருமல், சாயங்காலம் ஆனா கதகதன்னு இருக்கும், பேண்ட் இடுப்புல நிக்கல. ஒரு கிளினிக்ல நிமோனியா ஆரம்பம்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. அதுல சரியா ஆகலைன்னதும் என் தங்கச்சி மகனோட சீட்டை யாரோ வாட்ஸப்புல அனுப்பி அதை வாங்கிப் போட்டாரு. அதுவும் கேக்கலைன்னு வேற யாரோட சீட்டோ காட்டி லீவோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டாரு. அது போட்டதும் நாலு நாள்ல நல்லா ஆயிட்டாரு. வேலைக்குப் போனாரு. இருபது நாள்ல மறுபடி படுத்தாரு, இந்தத் தடவை சளியில ரத்தம். மாநகராட்சி ஹெல்த் போஸ்டுல சளியை மிஷின்ல போட்டுப் பாத்தா டிபி.

ஏன் நடுவுல நல்லாச்சுன்னு கேட்டேன் டாக்டரம்மாகிட்ட, அத்தைக்கு அடுத்த செக்கப் போனப்போ. லீவோஃப்ளாக்சசின் டிபி கிருமியையும் அடிக்கிற மருந்தாம், மருந்துக்கு மசியாத டிபிக்குன்னு வச்சிருக்குற மருந்துல அதுவும் ஒண்ணாம். அதை அரைகுறையா அஞ்சு நாள் போட்டா கிருமி சாகாது, பதுங்கும், பரிசோதனையில சிக்காமலும் போகலாம், போதாக்குறைக்கு அந்த மருந்துக்கே பழகிப்போனாலும் போயிரும். அந்த இருபது நாளும் அண்ணாச்சி பத்துக்குப் பத்து ரூம்ல பொண்டாட்டி, ரெண்டு புள்ளைகளோட படுத்து எந்திரிச்சிருக்காரு. அவங்க மூணு பேரையும் பரிசோதிச்சாங்க, சின்னவளுக்கு தடுப்பு மாத்திரை கொடுத்திருக்காங்க. அண்ணாச்சிக்கு ஆறு மாசம் மருந்து, அது முழுக்க அரசாங்கம் இலவசமா கொடுக்குது, சத்துணவுக்குன்னு மாசம் 1000 ரூபாயும் பேங்க் கணக்குல போடுறாங்க, 2024 நவம்பருக்கு முன்னாடி அது 500-ஆ இருந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா டிபி பரிசோதனைன்னு சட்டம் மாதிரி வச்சுக்கணும். நிமோனியான்னு ஒருத்தர் வாய் வார்த்தையா சொல்லிட்டாருன்னு அதை விட்டுரக் கூடாது. மாத்திரை அட்டையில பின்னாடி சிவப்பா ஒரு கோடு போட்டிருக்கும், பாத்திருப்பீங்க, டாக்டர் சீட்டு இல்லாம இதை விக்கக்கூடாதுன்னு அர்த்தம். லீவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்துக்கு 2014-ல இருந்து கடைக்காரர் நோட்டுல யாருக்கு விக்கிறோம், எந்த டாக்டர் எழுதுனாருன்னு பதிஞ்சு மூணு வருஷம் வச்சிருக்கணும்னே விதி இருக்கு. அண்ணாச்சிக்கு கொடுத்த கடையில அந்த நோட்டு இருக்கோ என்னவோ, போன்ல இருந்த போட்டோவைப் பாத்துக் கொடுத்துட்டாங்க.

கொழந்தை விஷயம். என் மக செம்பூர்ல இருக்கா, அவ பிள்ளைக்கு அப்போ பத்து மாசம். ரெண்டு நாளா மூக்கு ஒழுகல், இருமல், ராத்திரி பத்து மணிக்கு வீடியோ கால் போட்டா. சளி தானம்மா, காலையில பாத்துக்கலாமான்னு. நான் சட்டையைத் தூக்கிக் காட்டுன்னேன். பிள்ளை தூங்கிட்டுத்தான் இருக்கு, ஆனா ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழ குழி விழுது. போன்லயே டைமர் வச்சு எண்ணச் சொன்னேன், ஒரு முழு நிமிஷம், நானும் இந்தப் பக்கம் எண்ணுனேன். எனக்கு 53, அவளுக்கு 54. ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு 50-ஐ தொட்டாலே அது வேகமான மூச்சு. ரெண்டு மாசத்துக்குக் கீழன்னா 60, ஒரு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. பிள்ளை அழாம, பால் குடிக்காம இருக்கும்போது எண்ணணும், அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கக் கூடாது, பிள்ளைங்க மூச்சு ஒரே சீரா இருக்காது. குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாம போனாலோ, உதடு நீலமானாலோ எண்ணிட்டு உக்காரவும் வேண்டாம், ஓடணும். அவங்க அப்பவே ஆட்டோ புடிச்சுப் போயிட்டாங்க. ஆக்சிஜன் அளவு 89 இருந்திருக்கு. ரெண்டு நாள் ஆக்சிஜன் வச்சாங்க. ஆர்எஸ்வின்னு வைரஸ், அதனால ஆன்டிபயாட்டிக் தேவைப்படலைன்னு சொன்னதுக்கு எங்க மாப்பிள்ளை டாக்டர்கிட்ட சண்டைக்கே போயிட்டாரு, நிமோனியான்னு சொல்றீங்க மருந்து கொடுக்க மாட்டேங்கிறீங்களேன்னு. வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒண்ணும் பண்ணாது. மூச்சுக்கு ஆக்சிஜன், உடம்புக்கு தண்ணிச்சத்து, கண்ணைக் காவல் போட்டுப் பாத்துக்கிறது, அதுதான் அங்க வைத்தியம். மேல பாக்டீரியாவும் சேந்துக்கிச்சான்னு பாத்து அப்படி இருந்தா மட்டும் கொடுப்பாங்க.

2019-ஆம் வருஷத்துல மட்டும் உலகத்துல அஞ்சு வயசுக்குள்ள 7,40,180 பிள்ளைங்க நிமோனியாவுல போயிருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. அந்த வயசுல சாகுற பிள்ளைங்கள்ல நூத்துக்கு 14. அதே 2019-ல மத்திய அரசு சான்ஸ்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க, இந்தியில மூச்சுன்னு அர்த்தம், பிள்ளைங்க மூச்சைக் கவனிக்கணும்னு சொல்றதுக்குத்தான். எங்க பக்கம் சுவத்துல ஒட்டுன போஸ்டர் இந்தியிலயும் மராத்தியிலயும்தான் இருந்துச்சு, என் கூட தைக்க வர்ற ரெண்டு பொண்ணுகளும் தமிழைத் தவிர எதையும் எழுத்துக் கூட்டத் தெரியாதவங்க, ரெண்டு பேருக்கும் கைக்குழந்தை.

தடுப்பூசி பத்தி ஒண்ணு. நியுமோகாக்கஸுக்கான பிசிவி ஊசி 2017-ல சில மாநிலத்துல மட்டும் இலவசமா ஆரம்பிச்சு 2021-ல நாடு முழுக்க வந்துருச்சு. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், அப்புறம் ஒம்பதாவது மாசம். ஹிப்னு இன்னொரு கிருமிக்கு பென்டாவேலன்ட் ஊசி, அதை நாட்டுலயே முதல்ல ஆரம்பிச்சது நம்ம தமிழ்நாடும் கேரளாவும்தான், 2011 டிசம்பர்ல. ஊருக்குப் பிரசவத்துக்குப் போயிட்டு மூணு மாசம் கழிச்சு இங்க வர்ற பிள்ளைங்களுக்கு நடுவுல ஊசி விட்டுப் போயிருது, கார்டு அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. அந்த கார்டை பத்திரமா கொண்டாந்து இங்க ஹெல்த் போஸ்டுல காட்டுனா விட்டதுல இருந்து போடுவாங்க. ஊசி போட்டாச்சே அப்புறம் எப்படி நிமோனியா வந்துச்சுன்னு என் மக கேட்டா. அந்தந்த ஊசி அந்தந்த கிருமிக்குத்தான். பெரியவங்களுக்கும் ப்ளூ ஊசி, நிமோனியா ஊசி உண்டு, சுகர், ஆஸ்துமா, ஹார்ட் உள்ளவங்க டாக்டர்கிட்ட கேக்கணும், அதுக்குக் காசு ஆகும்.

ஆஸ்பத்திரியில போயி வர்ற நிமோனியான்னும் ஒண்ணு இருக்கு. தங்கச்சியோட மாமனார் மழையில வழுக்கி இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆகி அஞ்சாம் நாள் காய்ச்சல். சேந்து 48 மணி நேரத்துக்கு அப்புறம் வந்தா அதைத் தனி வகையாத்தான் பாக்குறாங்க, ஏன்னா ஆஸ்பத்திரியில இருக்குற கிருமி மருந்து பல பாத்துப் பழகுனது, அதுக்கு வேற ஊசி மருந்து. வென்டிலேட்டர் குழாய் வச்சவங்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். மூணு பந்து வச்ச பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு கொடுத்து மூச்சை உள்ள உறிஞ்சச் சொல்லுவாங்களே, அதை பிள்ளைங்க விளையாட்டுச் சாமான்னு நினைச்சு ஜன்னல்ல வச்சிருந்தாங்க எங்க ஆளுங்க. நுரையீரல் அடிப்பாகம் வரைக்கும் காத்து போறதுக்குத்தான் அது. வலிக்குதேன்னு பெரியவர் படுத்தே கிடந்தாரு, பாவம்னு நாங்களும் விட்டுட்டோம்.

கொரோனா நிமோனியா பத்தி எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில முதல் ஆளுக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் வீடு வீடா வந்து விரல்ல கிளிப்பு மாட்டிப் பாத்தாங்க. ஆளு பேசிட்டே இருப்பாரு, ஆக்சிஜன் 85 காட்டும். அப்போ வாங்குன அந்த மிஷினு இன்னைக்கு எல்லா வீட்டுலயும் சாமி ரூம் டப்பாவுல பேட்டரி செத்துக் கிடக்கு. பேட்டரி மாத்தி வைங்க. எந்த நிமோனியாவா இருந்தாலும் 94-க்குக் கீழ போச்சுன்னா டாக்டரைப் பாக்கணும், 90-க்குக் கீழன்னா ஒரு நிமிஷமும் நிக்கக் கூடாது. விரல்ல மருதாணியோ நெயில்பாலிஷோ இல்லாம பாக்கணும்.

இன்னும் இருக்கு. எதிர்ப்பு சக்தி ரொம்ப கொறஞ்சவங்களுக்கு, எச்ஐவி உள்ளவங்களுக்கு, காளானால வர்ற நிமோசிஸ்டிஸ்ங்குற நிமோனியா, அதுக்கு மருந்தே தனி. தண்ணித் தொட்டி, பெரிய ஏசி கூலிங் டவர் இதுல வளர்ற லீஜியோனெல்லா, 1976-ல அமெரிக்காவுல பிலடெல்பியா ஹோட்டல் ஒண்ணுல கூடுனவங்களுக்கு மொத்தமா வந்து கண்டுபுடிச்சது, அது ஆளு விட்டு ஆளு தொத்தாது. அப்புறம் மும்பைக்கே உள்ளது புறா விஷயம். 2025-ல தாதர்ல புறாவுக்குத் தீனி போடுற கபூத்தர்கானாவை மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடுனப்போ எங்க ஆளுங்க எல்லாம் புறா நிமோனியான்னே பேசிக்கிட்டாங்க. புறா எச்சம், இறகுத் தூசி வருஷக்கணக்கா உள்ள போயி வர்றது பெரும்பாலும் கிருமியே இல்ல, ஒவ்வாமையால நுரையீரல் வீங்குறது. ஆன்டிபயாட்டிக் எத்தனை போட்டாலும் போகாது, தூசிய விட்டு விலகணும், நாள்பட்டா நுரையீரல் தழும்பாயிரும்.

ஒரு சின்ன விஷயம் மறந்துட்டேன். நல்லான பிறகு எக்ஸ்ரேவுல அந்த வெள்ளை மறைய ஆறு வாரம் வரைக்கும் ஆகும், வயசானவங்களுக்கு இன்னும் கூட. பத்தாம் நாளே மறுபடி எக்ஸ்ரே எடுத்து, ஐயோ இன்னும் இருக்கேன்னு பயந்து இன்னொரு கோர்ஸ் வாங்கிப் போடுறாங்க. ஆறு வாரம் தாண்டியும் இருந்தா, அப்போ எதுனாலன்னு தேடணும்.

அதனால ஐயா, உங்ககிட்ட நான் கேக்குறது ரெண்டு. நிமோனியான்னு செய்தி வந்தா உங்க நிருபரை ஒரு கேள்வி கூட கேக்கச் சொல்லுங்க, என்ன நிமோனியான்னு. ஆஸ்பத்திரியில சொல்லலைன்னா, எந்த வகைன்னு தெரியலன்னு அதையே ஒரு வரி போடுங்க, படிக்கிறவங்க அவங்களா ஒரு மருந்தைக் கற்பனை பண்ணிக்க மாட்டாங்க. ரெண்டாவது, இதை நல்லா தெரிஞ்ச ஒரு டாக்டரைத் தமிழ்ல எழுத வச்சு அரைப்பக்கம் போடுங்க, நான் எழுதுனதுல தப்பு இருந்தா அவங்க திருத்தட்டும். எங்கள மாதிரி மும்பை, டெல்லி, பெங்களூர்னு கெடக்குற தமிழாளுங்க ஆஸ்பத்திரியில கேக்குறதுக்கு அதுல ஒரு வரி இந்தியிலயும் தமிழ் எழுத்துல போட்டுக் கொடுத்தா புண்ணியமா போகும். "கௌன்சா நிமோனியா ஹை, டாக்டர் சாப்? டிபி கா டெஸ்ட் ஹுவா க்யா?" என்ன நிமோனியா டாக்டர், டிபி டெஸ்ட் எடுத்தாச்சான்னு அர்த்தம். இதை நான் ஏற்கனவே சீட்டுல எழுதி கல்லியில ஒம்பது பேருக்குக் கொடுத்திருக்கேன்.

பிள்ளைங்க மூச்சுக் கணக்கு 60, 50, 40 மட்டும் பெரிய எழுத்துல கட்டம் கட்டிப் போடுங்க. அதை வெட்டி என் மிஷினுக்கு மேல சுவத்துல ஒட்டிருவேன், ஜாக்கெட் அளவு கொடுக்க வர்ற பொம்பளைங்க எல்லாம் அஞ்சு நிமிஷம் அங்கதான் நிக்கிறாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி,
தாராவி, மும்பை.